சூட்டோடு இறக்கிய ஆயில்

எஞ்சின் ஆயில் வியாபாரத்தில் ஒரு தொல்லை உண்டு: விற்ற சரக்கு நல்லதா கெட்டதா என்று தெரிய மாதக்கணக்காகும், அதுவரை வாங்கியவரும் நாமும் ஒரே தெருவில் முகம் பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும். விதைக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

மட்டாஞ்சேரியில் மிளகு குடோன்கள் முடிந்து ஒர்க்‌ஷாப்புகள் தொடங்கும் இடத்தில் எங்கள் கடை. மாமனார் வைத்தது. என் வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவில் துறைமுக வேலை என்பதால், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்தது நான். பக்கத்துக் கொட்டகையில் குழியும் ஜாக்கியுமாக வண்டி ரிப்பேர் பார்க்கும் முருகேசன் மேஸ்திரி. பள்ளுருத்திக்காரர். வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம், கோபத்தில் இரண்டும்.

பாகு பதம்

அன்றைக்கு டாக்ஸி என்றால் அம்பாசடர். ஓட்டுகிறவர்கள் ஆயிலை விரலில் எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்து, மெல்லப் பிரித்து, வெல்லப்பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இழுபட்டால் நல்ல ஆயில். வழுக்கினால் தண்ணீர். டின்னில் என்ன எழுதியிருந்தாலும் தீர்ப்பு விரலில்தான்.

போர்ட் கொச்சி ஸ்டாண்டிலிருந்து ஒருவர் புதிதாக மாருதி வாங்கிக்கொண்டு வந்தார். அம்பாசடர் ஆயிலையே கேட்டார்; இதற்கு அவ்வளவு கனமானது ஆகாது என்றேன். “கடைக்காரர் வரட்டும்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸோடு வந்ததும் அவரிடம் அதே கேள்வி. அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, “அவகிட்ட கேளுங்க, எனக்குத் தெரியாது” என்று உள்ளே போய்விட்டார். டாக்ஸிக்காரர் என்னையும் உள்கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“அப்போ இந்தக் கடையில ஆம்பளைக்கு என்னதான் வேலை?”

டின்னில் ஓட்டை

காலி டின்களைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள். கருகிய ஆயிலை வடிகட்டி அதே டின்னில் அடைத்து, புது மூடி போட்டு, எங்கேயோ ஒரு கடையில் அது மறுபடி விற்பனைக்கு நிற்கும். அதனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஆயிலை ஊற்றி முடித்ததும் வாங்கியவர் கண்முன்னாலேயே டின்னின் அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டுவிடுவோம்.

ஒருநாள் காலை ஒரு லாரி முதலாளி மூட்டை தூக்கும் நாலு சுமட்டுத் தொழிலாளிகளோடு வந்து நின்றார். எஞ்சின் இறுகிப்போய் வண்டி அரூர் பாலத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறதாம். ஊற்றியது என் ஆயிலாம். காலி டின்னைக் கல்லாமேல் ஓங்கி வைத்தார். நாலு பேரும் வாசலை அடைத்து நின்றார்கள். முருகேசன் ஸ்பானரைக் கீழே வைக்காமல் அப்படியே வந்து என் பக்கத்தில் நின்றார். “டின்னைத் திருப்பிப் பாருங்க” என்றேன். திருப்பினார். அடிப்பாகம் முழுசாக இருந்தது. கடைக்கு வெளியே தொங்கிய எங்கள் காலி டின்கள் ஒவ்வொன்றிலும் ஓட்டை வழியாக வெயில் தெரிந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு டின்னைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு சாயா சொல்லுங்க சேச்சி. குடிச்சுட்டு நான் வேற கடைக்குப் போகணும்.”

சத்தமில்லாத வண்டி

இரண்டாயிரங்களின் கடைசியில் பஷீர் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். எங்கள் தெருக்காரர், தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். அங்கே அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஹைபிரிட் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. மெதுவாகப் போனால் எஞ்சினே ஓடாது, பேட்டரி இறங்கும்போது தானாக எடுத்துக்கொள்ளும்.

கொண்டுவந்த காரணம் அவர் மனைவி ஜமீலா. சிறுநீரகம் இரண்டும் போய், செவ்வாயும் வெள்ளியும் எறணாகுளத்தில் டயாலிசிஸ். முன்பு ஆட்டோவில்தான் போய்வந்தார். ஒருநாள் திரும்பும் வழியில் தோப்பும்படி பாலத்து நெரிசலில் வெயிலும் புகையும் தாங்காமல் மயங்கி விழுந்து, அப்படியே திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் ஆட்டோ கூடாது என்றுவிட்டார். இந்தக் கார் நெரிசலில் நின்றால் எஞ்சின் அடங்கிவிடும், ஏசி மட்டும் ஓடும். ஜமீலா சீட்டைச் சாய்த்துத் தூங்கியபடியே வீடு வந்து சேருவார். இந்த வண்டி கெட்டால் இங்கே திறந்து பார்க்கத் தெரிந்தவர் கிடையாது, உதிரிப்பாகம் கடல் தாண்டி வர வேண்டும். ஆகவே அதன் முதல் சர்வீஸுக்கு முருகேசன் பானெட்டைத் திறந்தபோது தெருவே கூடிவிட்டது.

உள்ளே தடித்த ஆரஞ்சு நிற வயர்கள். அதில் ஓடும் கரண்ட் ஆளைத் தூக்கிப்போட்டுவிடும் என்று பஷீர் எச்சரித்தார். முருகேசன் இரண்டடி பின்வாங்கி, மீன் ஏலக்காரர் ஒருவரிடம் ரப்பர் கையுறை இரவல் வாங்கி வந்தார். அவர் கைக்கு அது பெரிது. ஒவ்வொரு விரல் நுனியிலும் காலி ரப்பர் தொங்கியது. எந்த வண்டி வந்தாலும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுத்தான் அவர் நோய் சொல்வார். அன்றும் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். முன்சீட்டிலிருந்து ஜமீலா தலையை வெளியே நீட்டினார்.

“மேஸ்திரி, வண்டிகிட்ட ரகசியம் கேக்குறீங்களா, இல்ல மீன் வெட்ட வந்தீங்களா?”

எந்த ஆயில்

ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே கிரேடு அச்சாகியிருந்தது. ஜீரோ டபிள்யூ இருபது. அத்தனை மெல்லிய ஆயிலை நான் விற்றதும் இல்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை. கோயம்புத்தூர் மொத்த வியாபாரியிடம் சொல்லிவைத்து, இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் வந்தது. திறந்து காட்டினேன். முருகேசன் விரலில் தொட்டார். தேய்க்குமுன்பே வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. எதிர்க்கடைக்காரர், “சேச்சி, இது ஆயிலா, சாயா டிக்காக்ஷனா?” என்றார்.

முருகேசனுக்கு அது சிரிப்பாக இல்லை. “நம்ம ஊர் சூட்டுக்கு இது நிக்காது. எஞ்சின் போனா என் பேரைத்தான் சொல்லுவாங்க. கனமான இருபது ஐம்பது ஊத்தலாம் பஷீர்க்கா, நான் கேரண்டி” என்றார். தெருவில் அத்தனை பேரும் அவர் பக்கம். பஷீர் என்னைப் பார்த்தார். எஞ்சினுக்குள் வழிகள் எல்லாம் குறுகலாக இருக்கும், அடிக்கடி நின்று நின்று கிளம்புகிற வண்டி, ஆயில் உடனே மேலே ஏற வேண்டும், கனமானது ஏறாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னபோதே, தப்பானால் வெள்ளிக்கிழமை இந்தப் பெண் எதில் போவாள் என்றும் ஓடியது. தீர்த்துவைத்தது ஜமீலாதான்.

“மூடியில என்ன எழுதியிருக்கோ அத ஊத்துங்க. டாக்டர் எனக்கு எழுதுற மருந்த விரல்ல தேய்ச்சுப் பாத்தா வாங்குறீங்க?”

குழிமேல்

சூடாக இருக்கும்போது ஆயிலை இறக்கினால்தான் அழுக்கெல்லாம் சேர்ந்து வடியும். இது முருகேசனின் சட்டம். “ஓடி வந்த சூட்டோட வரணும், ஆறிப்போய் வந்தா நான் தொடமாட்டேன்” என்று சொல்லியிருந்தார். அதனால் பஷீர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்து, வண்டியைக் குழிமேல் நிறுத்தினார். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் ஜமீலாவுக்கு இறங்க முடியவில்லை. அவருக்காக ஏசியை ஓடவிட்டு, “அஸர் தொழுதுட்டு வந்துடறேன்” என்று பஷீர் பள்ளிவாசலுக்குப் போனார். சிங்கப்பூரில் வண்டிக்காரர் வந்து அணைத்துச் சாவியைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குவார்களாம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். முருகேசன் பானெட்டில் கைவைத்துப் பார்த்தார். அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. அவர் கணக்கில் வண்டி அணைந்திருந்தது. உண்மையில் அது விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஏசி பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

குழியில் இறங்கி அடி நட்டைக் கழற்றினார். கறுத்த ஆயில் சட்டியில் கொட்டியது. அது வடியட்டும் என்று மேலே ஏறிவந்து, பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க, அதே மீன்காரர் கையுறையோடு கையை உள்ளே விட்டார். நான் புது டின்னை எடுத்துக்கொண்டு கடைப் படியில் இறங்கினேன். அந்த நேரத்தில், யாரும் சாவியைத் தொடாமல், எஞ்சின் தானாக எடுத்தது.

முருகேசன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். அடியில் ஆயில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, மேலே எஞ்சின் உலர்ந்துபோய் ஓடிக்கொண்டிருந்தது. நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். முருகேசனிடம் போவதா, வண்டியிடம் போவதா? கண்ணாடி வழியாக ஜமீலாவைப் பார்த்தேன். முன்னால் சிவப்பு விளக்கு எரிவது அவர் முகத்தில் தெரிந்தது. ஊசி குத்திக் கட்டுப்போட்ட இடது கையை மடியிலேயே வைத்தபடி, ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து, வலது கையால் ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லாம் நின்றது. ஏசியும் நின்றது.

முருகேசன் தரையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையில் நடுவிரல் நுனி இல்லை. பெல்ட் இழுத்துக்கொண்டு போயிருந்தது. உறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். எல்லாம் இருந்தன. போனது மீன்காரரின் காலி ரப்பர் மட்டும். கண்ணாடியை இறக்க வழியில்லாமல் ஜமீலா கதவைத் திறந்தார். சன்னமான குரல்.

“விரலா, உறையா? அத முதல்ல சொல்லுங்க.”

காத்திருப்பு

பஷீர் திரும்பி வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார். “எவ்வளவு நேரம் ஓடிச்சு?” என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது அரைநாள்போல் இருந்தது. முருகேசன் நட்டை இறுக்கி, நான் நீட்டிய அந்த டிக்காக்ஷனையே ஊற்றினார். டின்னில் ஓட்டை போடக்கூட யாருக்கும் நினைவு வரவில்லை.

பஷீர் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. சத்தம் இல்லை. மற்ற வண்டியாக இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இதில் எஞ்சின் செத்தாலும் இதே மௌனம், பிழைத்திருந்தாலும் இதே மௌனம். பேட்டரி இறங்கினால்தான் அது வாயைத் திறக்கும். ஏசியை முழுக்கத் திருப்பி வைத்து நின்றோம். ஜமீலா என் கடை நாற்காலியில் உட்கார்ந்து நான் கொடுத்த விசிறியைக் கையில் வைத்திருந்தார், வீசவில்லை. “சரசக்கா, வெள்ளிக்கிழமைக்கு யார்கிட்டயாவது கார் சொல்லிவைக்கலாமா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

எஞ்சின் எடுத்தது. முருகேசன் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதில் வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். பஷீர் ஏதோ கேட்க வாயெடுத்தபோது கையால் அடக்கினார். எஞ்சின் தானாக அடங்கியது. மறுபடி எடுக்கும்வரை குனிந்த இடத்திலேயே காத்திருந்து இன்னொரு தடவை கேட்டார். பிறகு நிமிர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் யாரிடமும் சொல்லாமல் நேரே ஜமீலாவிடம் போனார்.

“இத்தா, வெள்ளிக்கிழமை போகலாம். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பிரஷர் பாக்கணும்.”

கடைக்காரர்

அன்றிலிருந்து முருகேசனின் சட்டத்தில் ஒரு வரி கூடியது. ஹைபிரிட்டோ அம்பாசடரோ, குழிமேல் ஏறும் வண்டியின் சாவி அவர் கழுத்துக் கயிற்றில் தொங்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது. சர்வீஸ் நாட்களில் ஜமீலாவுக்கு என் கல்லாப் பக்கம் மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலி நிரந்தரமானது. நான் குடோனுக்குள் சரக்கு எடுக்கப் போயிருந்த ஒருநாள், மாருதிக்கு ஆயில் வாங்க வந்த ஒருவர் டின்னைத் திறந்து விரலை விட்டுத் தேய்த்துவிட்டு, “இது ரொம்பத் தண்ணியா இருக்கே, கடைக்காரர் இல்லையா?” என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. ஜமீலாவின் பதிலும் கேட்டது.

“நான்தான் கடைக்காரர். விரல எடுங்க, இந்தக் கடையில விரலுக்குக் கேரண்டி இல்ல.”

இத்தனை வருஷம் ஆயில் விற்றதில் எனக்கு மிஞ்சிய படிப்பு, இரைகிற வண்டியைக் கூட நம்பிவிடலாம், பேசாமல் நிற்கிறதே அதனிடம்தான் முதலில் கையை வெளியே எடுத்துக்கொண்டு பிறகு சௌக்கியம் விசாரிக்க வேண்டும் என்பதுதான்.