சுன்னாகத்தில் அணில் வரவில்லை

சிவராசா அண்ணை நேற்றுக் காலை போய்விட்டார். புத்தூரில், அவருடைய வீட்டில், பின்வளவைப் பார்த்துப் போட்ட கதிரையில் இருந்தபடியே...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பென்சன் எடுக்கும் வரைக்கும் தபால் கந்தோரில் என் பக்கத்து மேசை. ஊரில் என் பக்கத்து வளவு. கலியாணம் கட்டவில்லை.

புத்தூருக்கு ரயில் கிடையாது. ஆகவே மனுசன் தன் பின்வளவில் ஒன்றை ஓடவிட்டார்.

இடுப்பளவு உயரத்தில் கல் மேடை. குடைக்கம்பியில் தண்டவாளம், மீன்ரின் தகரத்தில் பெட்டிகள், பழைய கசற் ரேடியோவின் மோட்டார். காங்கேசன்துறையில் தொடங்கி யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரு ஸ்ரேசன் விடாமல்...

மேடைக்கு மேலே மாமரம். அதனால் அந்த ரயில்வேயின் பயணிகள் எல்லாரும் புலுனி, செண்பகம் மாதிரிப் பறவைகள், அணில், கீரி, ஓணான்தான். வந்தது போனது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவார்.

"6.20. செண்பகம் கொக்குவிலில் இறங்கியது." "7.05. கீரி இணுவிலில் பாதையைக் கடந்தது. ரயில் தாமதம்." வாசித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்திருக்கிறது.

ஒருமுறை, பிஸ்கற் தகரத்தில் செய்த சுன்னாகம் ஸ்ரேசனுக்குள் ஒரு அணில் தும்பு கொண்டுவந்து அடைத்துக் குட்டி போட்டது. மூன்று குட்டிகள். அண்ணை உடனே ஒரு மட்டையில் அறிவித்தல் எழுதித் தொங்கவிட்டார். சுன்னாகம் மூடப்பட்டுள்ளது, காங்கேசன்துறை ரயில் மல்லாகத்தோடு நிற்கும் என்று.

"அண்ணை, அணிலுக்காக ஸ்ரேசனை மூடின ரயில்வே உலகத்திலையே உங்கடைதான்" என்றேன்.

"ஓம் பிள்ளை. குட்டியள் கண் திறக்கும் மட்டும் பாதை மூடினது மூடினதுதான்."

அந்தக் கிழமைதான் அவருக்குக் கண் ஒப்பரேசன். நாலு நாள் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும். படலைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்தார்.

"பறவையளுக்குத் தண்ணி வையுங்கோ. சுன்னாகத்தை மட்டும் திறந்து பாக்க வேண்டாம்."

அப்போது லண்டனிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டை ஊரில் செய்யவேண்டுமாம். பின்வளவில் பந்தல் போடுவதற்கு அளந்து பார்க்க வேணும், திறப்பைத் தாங்கோ அக்கா என்றார்.

கூடப்பிறந்தவர் கேட்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் மேடை இல்லை. இடித்து, கல்லோடு தகரத்தோடு பள்ளத்தில் தள்ளி, மேலே கொங்கிறீட் போட்டு மட்டம் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் அணில் மாமரத்துக்கும் ஈரச் சீமெந்துக்கும் இடையில் ஓடி ஓடிக் கத்தியது.

"தம்பி, உள்ளுக்குக் குட்டியள் இருந்தது..."

"அணில்தானே அக்கா. ரயிலுக்கு ஏன் யோசிக்கிறியள்? அண்ணைக்கு நான் லண்டனிலை இருந்து நல்ல ரயில் செற் ஒண்டு அனுப்பிறன்."

நல்ல ரயில் செற்! அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன்.

அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நேரே பின்வளவுக்குப் போனார். "பிள்ளை, சுன்னாகம் எங்கை?"

திறப்பைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

சாமத்தியவீடு முடிந்து தம்பி லண்டன் போன மறுநாள், அண்ணை கந்தோருக்கு வந்து ஒரு தபாலட்டையை என் முன்னால் வைத்தார். தம்பியின் லண்டன் விலாசம். மற்றப் பக்கத்தில் ஒரே வரி. "சுன்னாகம். காலை 6 மணி. அணில் வரவில்லை."

"வடிவாய் முத்திரை குத்துங்கோ பிள்ளை. எழுத்திலை மை படக் கூடாது."

குத்தினேன். அடுத்த நாளும் வந்தார். கந்தோர் திறக்கிற நாளெல்லாம் வந்தார், மாரி மழைக்குள்ளும் வந்தார். மூன்று வருஷம், அதே வரி...

போன் என்றால் பிளாக் பண்ணலாம். தபாலட்டையை என்ன செய்வது?

ஒருநாள் தம்பி எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, உதை நிப்பாட்டச் சொல்லுங்கோவன். என்ரை மனுசி தபால் விழுற சத்தத்துக்கே பயப்பிடுறா. மகள் உதிலை என்ன எழுதியிருக்கெண்டு பாக்கவே தமிழ் வாசிக்கப் பழகிட்டாள்."

அண்ணையிடம் அப்படியே சொன்னேன். அன்று முழுக்க மனுசனுக்கு முகம் நிறையச் சிரிப்பு. எனக்கும் நல்ல சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

இன்று காலை அதே தம்பி மறுபடி எடுத்தார். விமானம் ஏறப் போகிறாராம். "அக்கா, 31ம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிச்சுக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நீங்கள்தான் எழுதித் தரவேணும். அண்ணையின்ரை ரயில், அணில் எல்லாம் போட்டு, உருக்கமாய்..."

தம்பி, நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். ஒரு எழுத்தும் குறைக்காமல் கல்வெட்டில் போடுங்கள். போட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் இங்கே போட்டு, உங்களை டேக் பண்ணியும் விட்டேன்.

நாளைக்குச் செத்தவீட்டுப் பந்தலும் அந்தக் கொங்கிறீட்டில்தான். நீங்கள் போட்டதுதானே, நல்ல மட்டமாக நிற்கும்.

நேற்று அவரைக் கதிரையில் முதலில் கண்டது நான். மடியில் அன்றைய தபாலட்டை. விலாசம் எழுதி முடித்திருந்தார். மற்றப் பக்கத்தில் "சுன்னாகம். காலை 6 மணி." வரைக்கும்தான் இருந்தது.

மிச்சத்தை நான் எழுதினேன். இன்றைய தபாலில் போய்விட்டது. அவருடைய மேசையில் எழுதாத தபாலட்டை இன்னும் ஒரு கட்டு இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை... எழுத்தில் மை படாமல்தான் குத்தினேன்.