ஜெனீவாவில் இறங்கினால் மாமா வீடு

எங்கள் வீட்டில் சும்மா விடுமுறைக்குப் போகும் பழக்கம் கிடையாது. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்த வீடு என்றால் பாரிசுக்கும் போவோம், டொரோன்டோவுக்கும் போவோம். அதனால், ஈஸ்டர் விடுமுறையில் பல்கலைக்கழகச் சிநேகிதிகளோடு பிரான்சில் ஒரு மலைக்குப் போகப் போவதாக மகள் சொன்னபோது, அங்கே யாருக்குக் கலியாணம் என்றுதான் முதலில் கேட்டேன்.

"கலியாணம் இல்லை அம்மா. பனியிலை சறுக்கப் போறம்."

முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து கதிரையில் விழுந்திருந்தேன். காசு கொடுத்துக் குளிருக்குள் போய் விழுந்தெழும்புவதில் என்ன சுகம் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அவள் கடைசி வருடம் படிக்கிறாள். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் எங்களோடு இருந்துகொண்டே ரயிலில் போய் வருகிறாள். என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து, இந்த வீட்டுக்கு வெளியே கேட்கும் குரல் அவளுடையதுதான். டாக்டர், கவுன்சில், பிசியோ என்று எல்லோரோடும் அவள்தான் கதைப்பாள். கிழவிகளைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றுவதற்கு என் ஆங்கிலம் தாராளம். போனில் யாராவது கேள்விமேல் கேள்வி கேட்டால் அது படுத்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பனுக்குக் கை கால் பயிற்சி செய்விப்பதும் அவள்தான். ஒரு நாளாவது சலித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு கிழமைதான் அம்மா. என்னைத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடம். சொந்தக்காரர் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, பிளீஸ்."

ஓம் என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் முன்னறை பயண அலுவலகம் ஆயிற்று. அவளோடு சேர்த்து ஐந்து பெண் பிள்ளைகள். ஒருத்திக்கு இந்தத் தேதி சரி, மற்றவளுக்குச் சரியில்லை. ஒருத்தி மரக்கறி மட்டும். இன்னொருத்தி, எல்லோரும் இரண்டு கட்டையில் சறுக்கினால் தான் ஒற்றைப் பலகையில்தான் சறுக்குவேன் என்று நிற்கிறாள். மலைக்குக் கிட்ட ஜெனீவாவில் இறங்குகிற விமானம், தங்குமிடம், சறுக்கப் பழக்குகிற ஆள், யாருக்கு என்ன அளவில் சப்பாத்து, எல்லாவற்றையும் என்னுடையவள்தான் இழுத்துக்கொண்டு கிடந்தாள். நாலு பேர் சேருகிற இடத்தில் சுமக்கிற கழுதை எது என்று மற்றவர்களுக்கு எப்படித்தான் மணக்கிறதோ தெரியாது.

"வேறை ஒருத்தியைச் செய்யச் சொல்லன்" என்றேன்.

"அவையளுக்கு உது சரிவராது அம்மா."

இப்படிச் சுமக்க எங்கே பழகினாள் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிசிலிருந்து என் அண்ணை போன் எடுப்பார். ஊரை விட்டு வந்து கலியாணம் ஆகும்வரை நான் அவருடைய வீட்டில்தான் இருந்தேன். தகப்பன் இடத்தில் நின்று என்னைத் தாரை வார்த்தவரும் அவர்தான். அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்த ஞாயிறும் வழக்கம்போலப் போனை இவரிடம் கொடுத்தேன். வீடியோவில் அண்ணையைப் பார்த்ததும் இவர் சிரித்தார். பிறகு, "மகள் ஜெனீவாவுக்கு வாறாள்" என்றார்.

நோய் வந்த பிறகு அவருடைய பேச்சு பாதியில் அறுந்துபோகும். இந்த வசனம் முழுதாக வந்தது. நாள் முழுக்க டிவிக்கு முன்னால் இருக்கிற மனிதனுக்கு, இன்னொருவருக்குச் சொல்ல என்று ஒரு புதினம் கிடைத்திருக்கிறது. எப்படிக் கோபிப்பது? கதவடியில் நின்று கேட்ட மகள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அண்ணையின் வீடு ஜெனீவா விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அரை மணி நேரத்தில் பயணத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜெனீவாவிலை இறங்கிப்போட்டு என்ரை வாசல் மிதியாமல் போறதோ? ஐஞ்சு பிள்ளையளையும் இஞ்சை வரச்சொல்லு. ஹோட்டல் என்னத்துக்கு? மலைக்கு நான் காரிலை ஏத்தி இறக்கிறன். பின்னேரத்திலை எங்கட ஆக்கள் எல்லாற்றை வீட்டையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுறன்."

மறுநாளே வேலையில் லீவு போட்டுவிட்டார். அண்ணி, மரக்கறிப் பிள்ளைக்கு என்ன சமைப்பது என்று மெசேஜ் அனுப்பினார். அன்புக்கு ஒரு குறைவும் இல்லை. அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு, மூச்சு விட இடம் இல்லை.

மகளுக்கு அதைக் காட்டினேன். வாசித்துவிட்டு லாப்டொப்பை மூடினாள்.

"சரி அம்மா. அவையள் போகட்டும். நான் போகேல்லை."

சத்தம் போடவில்லை, அழவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து பஸ்சில் வரும்போது பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு வருகிற குரல். ஐம்பது தாண்டிய எனக்கு அது வரலாம். அவளுக்கு ஏன் வரவேண்டும்? குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, பிள்ளை உங்கட வீட்டை வராது."

"என்ன கதை கதைக்கிறாய்? ஒருநேரச் சாப்பாட்டுக்காவது..."

"அதுக்கும் வராது. எயார்போர்ட்டுக்கும் போகாதேங்கோ."

"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லை. அவள் களைச்சுப்போனாள் அண்ணை. உங்கட வீட்டை வந்தாலும் குசினிக்கை நிண்டு அண்ணிக்குத்தான் உதவி செய்வாள். அப்பிடித்தான் நான் வளத்து வைச்சிருக்கிறன்."

"அப்ப சொந்தம் எண்டு நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. இவர் போனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் போனாள். அந்தக் கிழமை டாக்டரின் இடத்துக்கு நானே போன் எடுத்தேன். மகளிடம் கொடுக்க முடியுமா என்று அங்கே போனை எடுத்த பெண் கேட்டாள். மகள் ஹொலிடே போய்விட்டாள் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தாள். சொன்னேன். அலுவல் நடந்தது.

திரும்பி வந்தவள் பெட்டியை வாசலில் விட்டுவிட்டுச் சோபாவில் இருந்தாள்.

"எப்பிடிப் பிள்ளை, நல்லாச் சறுக்கினியோ?"

"ஒருநாள்தான் அம்மா போனனான். விழுந்ததுதான் மிச்சம்."

"அப்ப மற்ற நாளெல்லாம்?"

"நித்திரை கொண்டனான்."

நான் பயந்துபோனேன். "ஏன், சுகமில்லையோ?"

"இல்லை, சும்மா. அவையள் எல்லாரும் மலைக்குப் போயிடுவினம். நான் படுத்திருப்பன். ஒருத்தரும் எழுப்பேல்லை அம்மா."

மற்றப் பிள்ளைகள் மலையைப் பற்றி எப்படிச் சொல்லியிருப்பார்களோ, அப்படி அவள் நித்திரையைப் பற்றிச் சொன்னாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து இவர் கூப்பிட்டார். "நீ இரு, நான் போறன்" என்று சொல்லி நான் எழுந்திருப்பதற்குள், அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய்விட்டாள்.