பொரியரிசித் தேநீர்

கிள்ளான் பாசாரில் ஒரு ஜப்பானியப் பெண்மணியின் நல்ல தேயிலையைக் கலப்படம் என்று சொல்லிச் சாக்கடையில் கொட்டச் செய்தவன் நான். அப்போது நான் சுகாதார இன்ஸ்பெக்டர். அவர் குள்ளமானவர், நிமிர்ந்தே நிற்பார். கடை வாசலிலேயே அரிசியை வறுத்துப் பச்சைத் தேயிலையோடு கலப்பார்.

“ஏமாத்துறவ வாசல்ல உக்காந்தா வறுப்பா, துவான்?” என்று மலாயில் கேட்டார். ‘துவான்’ என்றால் ஐயா.

“எனக்கே சட்டம் சொல்றியா?” என்றேன். அன்றோடு அவர் கடைக்கு ஆள் வருவது நின்றது.

தேயிலையோடு வறுத்த அரிசி கலப்பது அவர்கள் நாட்டு வழக்கம்தான் என்று பின்னர் ஒரு கப்பல் குமாஸ்தா சொன்னார். மறுநாளே போய், தெருவே கேட்க, “தப்பு என்னுடையது” என்று சொல்லி அந்தத் தேநீரைக் கேட்டேன். வெறும் பச்சைத் தேநீர் வந்தது.

“துவானுக்குத்தான் அரிசி ஆகாதே!”

மற்றவர்கள் திரும்ப வந்தார்கள். நானும் பலமுறை போனேன். அரிசி போட்டு எனக்கு மட்டும் அவர் தரவே இல்லை.