இரண்டே முள்

மாதாப்பூர் அலுவலகத்தில் எங்கள் டீம் லீடர் செகந்திராபாத் தமிழ்ப் பெண். கையில் மெல்லிய கடிகாரம்: வெள்ளை முகப்பு, இரண்டே முள், கறுப்புத் தோல்பட்டை. காலையில் கம்ப்யூட்டரைப் போடுமுன் அதற்குச் சாவி கொடுப்பார்.

டீமில் அமெரிக்கா போய்வந்த ஒருவன் தன் பெரிய தங்கநிற வாட்சை ஆட்டிக்காட்டி, "உங்களது பிளாட்பாரத்துல வாங்கினதா மேடம்?" என்றான்.

"ஹவ், ஆமா, நல்லா ஓடுது," என்று சிரித்தார்.

அவர் வாட்சின் அதே மாடலை நான் கடையில் பார்த்திருக்கிறேன். அவனுடையதைவிடப் பல மடங்கு விலை. லிஃப்டில், "விலையைச் சொல்லியிருக்கலாமே, அக்கா?" என்றேன்.

"நக்கோ, வேணாம்மா. நான் பார்க்கத்தானே வாங்கினேன்."

அந்த வருட போனஸில் அவனுடையதைப் போல ஒன்று வாங்க இருந்தேன். வாங்கவில்லை. இரண்டு முள் வாட்சுக்குத்தான் சேர்க்கிறேன், அதுவரை வெறுங்கைதான். வாட்சை நிச்சயம் வாங்கிவிடுவேன். அந்தச் சிரிப்பு வருமா என்றுதான் தெரியவில்லை.