தியோபில் கொன்ற டிராகன்

சைலீசிய நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக்கட்டை நிறுத்தும் வேலை பார்த்த தியோபிலின் தலைக்கு மேலிருந்து ஒருநாள் டிராகன் விழுந்தது. அவன் அப்படித்தான் சொன்னான். விழுந்தது ஒரு கற்பலகை. அதன்மேல் கரிய படலமாக, வரிசை வரிசையாகச் செதில்கள். கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையில், சுரங்கத் தொழிலாளரின் காவலரான புனித பார்பரா படத்தடியில் நிறுத்தினான்.

அதன்பின் ஞாயிறு விருந்துக்கு வந்தவர்கள் உருளைக்கிழங்கு உருண்டையோடு டிராகனையும் விழுங்க வேண்டியதாயிற்று. முதலில் சொன்னபோது அது செத்துக் கிடந்தது. ஈஸ்டருக்குள் கண் திறந்து முறைத்தது. கோடையில் அவனே சம்மட்டியால் அடித்துக் கொன்றிருந்தான்.

"மொதல்ல செத்துல்ல கிடந்துச்சு?" என்றாள் மனைவி ட்ரூடா.

"சுரங்கத்தப் பத்தி உனக்கென்னடி தெரியும்?"

புகழ் பரவி, நகர அருங்காட்சியகத்திலிருந்து பொஷேனா என்ற பெண் வந்தாள். உருப்பெருக்கியால் பார்த்தாள்.

"ஐயா, இது பல கோடி வருஷத்துக்கு முந்தின மரப்பட்டை. செதில் மாதிரி இருக்கிறது இலை உதிர்ந்த தழும்பு."

தியோபிலின் காது சிவந்தது. "மரம்னா உள்கட்டை எங்கம்மா போச்சு?"

"சதுப்புல அழுகிப் போச்சு. பட்டை அப்படி லேசுல மக்காது. தக்கையில இருக்கிற மாதிரி மெழுகுச் சத்து, பூஞ்சைக்குப் பிடிக்காத துவர்ப்பு எல்லாம் அதுல உண்டு. உள்ள மண்ணு ரொம்பிடுச்சு, தோல் மட்டும் அழுந்திக் கரியாயிடுச்சு."

"உள்ள மண்ணு, வெளிய தடிச்ச தோலு," என்றாள் ட்ரூடா. "இதத்தானே நான் தேவாலயத்துல கட்டிக்கிட்டேன்!"

பக்கத்து வீட்டு எமில் சிரித்ததில் பீர் மூக்கில் ஏறியது.

தியோபில் எழுந்தான். "டிராகன் தோல்னா முடி பொசுங்கற நாத்தம் வரும். இப்பவே பாத்துடலாம்!" கறுப்புப் படலத்தில் ஒரு செதிலைச் சுரண்டி அடுப்பில் போட்டான். எல்லோரும் மூக்கை நீட்டினார்கள். அடுப்பில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நிலக்கரியின் வாடைதான் வந்தது.

"உங்க வீட்ல தினமும் டிராகனத்தான் எரிக்கிறீங்களாப்பா?" என்றான் எமில்.

அந்த வாரம் முழுக்க தியோபில் புறாப் பந்தயத்துக்குக்கூடப் போகவில்லை. ட்ரூடா கல்லைக் கழுவி, முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயில் பாரமாக வைத்துவிட்டாள்.

டிசம்பரில் புனித பார்பரா விருந்து. ஒரு தொழிலாளி அதேபோன்ற கல்லைக் காட்டி, மீன்செதில் என்றான்.

"மடையா, அது பட்டை!" என்று தியோபில் மேசையைத் தட்டினான். "தக்கை, மெழுகு, துவர்ப்பு! நான் அப்பவே சொன்னேன். அருங்காட்சியகத்து அம்மாவே எங்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனாங்க!"

ட்ரூடா ரத்தத் தொத்திறைச்சியில் பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைத்தாள். மெல்லும் நேரமாவது ஊர் நிம்மதியாக இருக்கட்டும் என்று.