மான் கொண்டு போன செருப்புகள்

என் மகள் ஒரு கள்ளி. இந்த ஒரு வசனத்தை எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் நம்பவைக்க நான் மூன்று கிழமை அலைந்தேன்.

அவளுக்கு அப்போது பத்து வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்பில் இதயத்தில் ஓர் ஓட்டையை அடைத்தார்கள். விடிந்தால் தைராய்டுக் குளிசை. மூக்கில் தடித்த கண்ணாடி, அவள் கழற்றி வைக்கிற இடத்தில் அதை வீட்டில் எல்லாரும் மாறி மாறி மிதிப்போம். இவையெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டன. பழகாதது ஒன்றுதான். பஸ்ஸிலும் கடையிலும் சனம் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கி, "கடவுளின்ர பிள்ளை" என்று சொல்வார்கள். அப்படியென்றால் கடவுள் ஒருநாள் காலமை ஏழு மணிக்கு வந்து அவளுக்குத் தலை வாரி இழுத்துவிடட்டும், பார்க்கலாம்.

நாங்கள் திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் குடியிருக்கிறோம். நான் பக்கத்திலேயே ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கணவருக்குச் சீனன்குடாவில் வேலை. பின்னேரங்களில் நானும் அவளும்தான் வீட்டில். யாராவது வந்தால் அவளுக்குத் திருவிழா. வந்தவர்கள் போவதுதான் அவளுக்குப் பிடிக்காது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள் அல்லவா, அதில் ஒன்றை எடுத்து ஒளித்துவிடுவாள். ஒன்றை மட்டும்தான். இரண்டையும் எடுத்தால் ஆள் ஏதோ ஒரு இரவல் செருப்போடு போய்விடும். ஒன்றை எடுத்தால் மற்றதைப் பார்த்துப் பார்த்துத் தேடிக்கொண்டு நிற்கும். இது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. தேடுகிறவருக்கு நான் இரண்டாவது தேத்தண்ணி ஊற்றுவேன். அவளும் சேர்ந்து தேடுவாள், கதிரைக்குக் கீழே, பூச்சாடிக்குப் பின்னால், செருப்பு இல்லாத எல்லா இடத்திலும். எங்கே போயிருக்கும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மான்."

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் மான்கள் வீதியில் திரியும், மற்ற ஊர்களில் மாடு திரிவது மாதிரி. சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்னும், மதிலோரம் காய்கிற துவாயை இழுக்கும். ஒருமுறை எங்கள் கந்தோர் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன விண்ணப்பப் படிவங்களையும் தின்றது. ஆகவே மான் செருப்பைக் கொண்டு போனது என்று ஒரு பிள்ளை சொன்னால் திருகோணமலையில் யாரும் உடனே சிரிக்கமாட்டார்கள். வீதியை ஒருக்கால் எட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்த வீட்டில் கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். தையல்காரி. இரண்டு தரம் ஒற்றைச் செருப்போடு வீடு போன பிறகு அவர் செருப்பை ஒரு கடைப் பைக்குள் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் இருப்பார். "உங்கட மானுக்குக் கை முளைச்சிருக்கு, தங்கச்சி" என்பார்.

அந்த வருடம் மகளுக்கு முதல் நன்மை, அதாவது கோவிலில் முதல்தரம் நற்கருணை, எடுக்கிற முறை. இரண்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் போய்வந்தாள். தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு கடைசி வாங்குப் பலகையில் இருந்து, அவர்களுடைய அழிறப்பர்களைக் கடித்து, பாட்டுகளை வாயசைத்து, ஒருவாறு தேறியிருந்தாள். முதல் நன்மை நாளில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுதிரியோடு, வரிசையாகக் கோவில் நடுவால் நடந்து வருவார்கள். அந்த வரிசைதான் அவளுக்கு வேண்டும். குசினியிலிருந்து விறாந்தை வரைக்கும் ஒரு நாளைக்கு இருபது தரம் நடந்து பழகினாள். மெழுகுதிரிக்குப் பதில் கையில் அகப்பை. அடுத்த வீட்டு அக்கா உடுப்புக்கு அளவும் எடுத்துவிட்டார்.

முதல் நன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். குருவானவரிடம் போய்த் தன் பாவங்களைத் தானே சொல்ல வேண்டும். மறைக்கல்வி ரீச்சர், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவவுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. வானத்துச் சம்மனசு மாதிரிப் பிள்ளை. பாவம் எண்டால் அது பாவம் எண்டு தெரிஞ்சு செய்யவேணும். இவவுக்கு என்ன தெரியும்? நாங்கள் பிறகு ஒருநாள், வீட்டு ஆக்களோட மட்டும், தனியா ஒரு பூசை வைச்சு நன்மை குடுப்பம்."

அன்பாகத்தான் சொன்னார். அந்தத் 'தனியா' எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு, ஆஸ்பத்திரியில் தனி நாள், பிறந்தநாள் வீடுகளில் பெரியவர்கள் பக்கத்தில் தனிக் கதிரை. இப்போது ஆண்டவரும் தனியாக வரப்போகிறாராம்.

"ரீச்சர், அவள் பாவம் செய்யிறவள். நிறையச் செய்யிறவள்."

"சீ, பெத்த தாய் இப்பிடிச் சொல்லலாமோ?"

நான் பங்குத்தந்தையிடம் போனேன். இளம் ஆள். என் முறைப்பாட்டைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கையில் உருட்டினார். தன் பிள்ளை பாவி என்று நிரூபிக்க வந்த தாயை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். ரீச்சர் ஒருக்கால் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு கதைத்துப் பார்க்கட்டும், அவர் சரியென்றால் தனக்கும் சரி என்றார்.

ரீச்சர் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். வாசலில் புதுச் செருப்பு, மண்ணிறம், பக்கிள் வைத்தது. நான் அதைப் பார்த்து மனதுக்குள் செபித்தேன்.

என் கெட்ட காலம், மகள் அன்றைக்கென்று தங்கமாக இருந்தாள். கைகூப்பி வணக்கம் சொன்னாள். முறுக்குத் தட்டை முதலில் ரீச்சருக்கு நீட்டினாள். தண்ணீர் குடிக்கவென்று ஒருமுறை எழும்பிப் போனாள், உடனே வந்து கையை மடித்துக்கொண்டு இருந்தாள்.

"பொய் சொல்லுறனீங்களோ?"

"இல்லை."

"களவெடுக்கிறனீங்களோ?"

"இல்லை."

"அம்மா சொல்லுறதைக் கேக்கிறனீங்களோ?"

"ஓம்."

மூன்று பதிலும் பச்சைப் பொய். ரீச்சர் கண்கலங்கி என்னைப் பார்த்தார். "பாத்தீங்களே? இந்தப் பிள்ளையில போய்ப் பாவம் தேடுறீங்கள்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அகப்பையோடு நடந்த இருபது நடையும் எனக்குக் கண்முன்னால் வந்துபோனது.

வாசலில் ரீச்சர் நின்றுவிட்டார்.

"மற்றச் செருப்பு எங்க?"

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீதிப்பக்கம் கையை நீட்டினாள். "மான்."

வீதியில் உண்மையிலேயே ஒரு மான் நின்றது. மதிலோரமாக எதையோ சப்பிக்கொண்டிருந்தது. ரீச்சர் வெறுங்காலோடு கேற்றடிக்கு ஓடிக் குடையை ஆட்டி அதை விரட்டினார். மகளும் பின்னால் போய், இடுப்பில் கையை வைத்து, "குடு. ரீச்சரின்ர செருப்பைக் குடு" என்று அந்த அப்பாவி மானை ஏசினாள். தாய் என்ற முறையில் நான் அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். வழக்காடுகிறவள் என்ற முறையில் பேசாமல் நின்றேன்.

ரீச்சர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். நான் இரண்டாவது தேத்தண்ணி ஊற்றினேன். மகள் அவரோடு ஒட்டி இருந்து, அவருடைய தோளில் தலையைச் சாய்த்து, கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விளையாடினாள். ரீச்சர் அவளுக்கு ஒரு கதை சொன்னார். அவள் இன்னொன்று கேட்டாள். அதையும் சொன்னார். இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் கெடுத்தேன்.

"ரீச்சர், மூலையில நிக்கிற அந்த மாதா சுரூபத்துக்குப் பின்னால ஒருக்காப் பாருங்கோ."

ரீச்சர் எழும்பிப் போய்ப் பார்த்தார். மண்ணிறச் செருப்பு, பக்கிளோடு, மாதாவுக்கு முதுகு கொடுத்து நின்றது.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிடிபட்டால் அப்படித்தான் செய்வாள், பேசுகிறவரின் முகம் தெரியாமலிருக்க. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த ரீச்சருக்கு அந்தக் கண்ணாடி ஒன்றே போதுமாயிருந்தது.

"இவவுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

"அதைத்தானே ரீச்சர் மூண்டு கிழமையாச் சொல்லுறன்."

ரீச்சருக்குக் கோபம் வந்தது. செருப்புக்காக அல்ல, கண்கலங்கியதற்காக என்று நினைக்கிறேன். "பொய்யும் சொல்லி, மானிலயும் பழியைப் போட்டு, மாதாவுக்குப் பின்னாலயும் கொண்டுபோய் ஒளிச்சுவைச்சனீரோ? வெக்கமில்லையோ?" என்று முழுக்குரலில் ஏசினார். வெளியாள் ஒருவர் என் மகளை மற்றப் பிள்ளைகளை ஏசுவது போல் ஏசியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். குசினிக்குள் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான். நான் திரும்பி வந்தபோது ரீச்சர் பட்டியலில் அவளுடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் பன்னிரண்டாவது.

பாவசங்கீர்த்தனம் முதல் நன்மைக்கு முந்தின நாள் பின்னேரம். கோவில் வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் இரண்டு நிமிடத்தில் வந்தார்கள். என் மகள் போனாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உள்ளேயிருந்து ஃபாதர் ஒருமுறை சிரித்ததும், அதை இருமலாக மாற்றியதும் கேட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் இடிக்கத் தொடங்கினார்கள்.

என்னால் இருக்க முடியவில்லை. அவளுடைய பேச்சு புது ஆட்களுக்கு விளங்காது. டொக்டருக்கும் கடைக்காரருக்கும், ஏன் சிலவேளை அவளுடைய அப்பாவுக்கும்கூட, நான்தான் எடுத்துச் சொல்கிறவள். இரண்டு தரம் எழும்பினேன். இரண்டு தரமும் ரீச்சர் என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "இருங்கோ. அது அவவின்ர பாவம்."

அவள் வெளியே வந்தபோது கண்ணாடி கையில் இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனாள்.

பிள்ளைகளுக்குப் பிறகு பெற்றோர் போவது வழக்கம். நானும் போய் என்னுடையதைச் சொன்னேன். என் கோபம், கந்தோரில் சொன்ன பொய்கள், மற்றத் தாய்மாரில் எனக்கிருக்கிற எரிச்சல். ஃபாதர் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீட்டு விசயம் ஏற்கெனவே விபரமாகத் தெரிந்தவர் போல அமைதியாகக் கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் அவரிடம் அதைக் கேட்கவா முடியும்?

வெளியே வந்தேன். அந்தச் செருப்பு மலையைக் காணவில்லை. சுவரோரமாகச் சோடி சோடியாக, பெரியது ஒரு பக்கம் சிறியது ஒரு பக்கம், நீளமாக அடுக்கியிருந்தது. மகள் குந்தியிருந்து கடைசிச் சோடியை நேராக்கிக்கொண்டிருந்தாள். ஃபாதர் கொடுத்த தண்டனையோ, அவளாகவே செய்ததோ, எனக்குத் தெரியாது.

"ஃபாதரிட்ட என்ன சொன்னனி?"

"சொல்லேலாது."

"அம்மாவுக்கும்?"

"ஒருத்தருக்கும் சொல்லேலாது. ரகசியம்."

பிறந்தநாள் கேக்கின் நிறத்தைக்கூட ஒளிக்கத் தெரியாதவள். பத்து வருடமாக அவள் சாப்பிட்டது, தூங்கியது, எங்கே நோகிறது என்பது எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது எனக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. அது எனக்கு நொந்தது. அதைவிடக் கூடப் பெருமையாகவும் இருந்தது.

என் செருப்பைத் தேடினேன். ஒன்று வரிசையில் நின்றது. பக்கத்தில் மற்றது இல்லை.

அவளைப் பார்த்தேன். பாவம் கழுவி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இந்தமுறை அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராக என்னையே பார்த்தாள்.

"மான்" என்றாள்.

சுற்றி மதில், கேற்றும் சாத்தியிருந்தது, மான் உள்ளே வர வழியில்லை. முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் வேப்பமரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய முதல் ஆளாக நான் இந்த முற்றத்தைக் கடந்துவிடுவேன், யாரும் வந்து அவளுடைய தலையைத் தடவுவதற்கு முன்னால். கேட்பவர்களுக்கு, வீட்டில் வேலை கிடக்கு என்பேன். என் கையில் தொங்கிக்கொண்டு அவள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வருவாள். அவள் எதைப் பார்த்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே சொன்ன பாவங்களில் நான் அதைச் சொல்லவும் இல்லை.

"சரி, தேடுவம்" என்று சொல்லிப் படியில் இருந்தேன்.

அவள் எனக்காகக் காத்து நிற்கவில்லை. பிள்ளைகளுக்குள் ஓடிப்போனாள். "நீதான் பிடிக்கோணும்" என்று யாரோ கத்தினார்கள். அவள் கண்ணாடியைக் கையால் பிடித்தபடி அவர்களைத் துரத்திக் கலைத்துக்கொண்டு ஓடினாள்.

முற்றத்து மூலையில் கற்குகை போல் கட்டிய மாதா கெபிக்குப் பின்னால் என் செருப்பின் நீலப் பட்டி பளிச்சென்று தெரிந்தது. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வேப்பமரத்தடியிலிருந்து ஒரு தாய் வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"என்ன, இண்டைக்கு அவசரமில்லையோ?"

"செருப்பில ஒண்டைக் காணேல்ல" என்றேன். "மான் கொண்டுபோயிட்டுது."