மைசூரு ஜன்னல் வெளிச்சத்தில் என் முகம்

காலை ஆறு மணிக்குக் கௌதள்ளியில் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். ஹனூர், கொள்ளேகால், நரசிபுரம் தாண்டி மைசூரு. நூறு கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்து அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் அவருக்கு நூற்று நாற்பது ரூபாய்க்கும் எனக்குப் பூஜ்ஜியத்துக்கும் சீட்டு கிழித்தார்.

"பாத்தீங்களா, கவர்மெண்டுக்கே தெரியுது யாரை மதிக்கோணும்னு," என்றேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு போட்டோ வேண்டும், என் முகம் தெரிகிற போட்டோ. எங்கள் கல்யாணப் படம் கொள்ளேகாலில் எடுத்தது. அவர் நல்ல சிவப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான் கறுப்பு. படத்தில் அவர் பளிச்சென்று நிற்கிறார். என் பங்குக்கு மூக்குத்தியும் சரிகையும் மட்டும் தெரிகின்றன. "மாப்பிள்ளை பக்கத்துல பொடவை நிக்குது, பொண்ணு எங்க போனா?" என்று என் நாத்தனார் அன்றைக்குக் கேட்டது, இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சிரிப்புக்கு உதவுகிறது. அதற்குப் பிறகு சேர்ந்து எடுத்த படங்களும் அப்படியேதான். கறுப்பாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காணாமல் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மைசூருவில் டைல்ஸ் வேலை செய்யும் எங்கள் மகன், தான் தரை போட்ட ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னான். வேதவல்லி என்று ஓர் அம்மாள். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீடு முழுக்கப் பழைய கேமராக்களாம். விளக்குப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் மட்டுமே படம் எடுப்பாராம். எங்களுக்காகச் சொல்லிவைத்திருந்தான்.

பத்து மணி சுமாருக்கு மைசூருவில் இறங்கினோம். கன்னடப் பலகைகள் எனக்கு ஓடாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வாய் இருக்கிறதே. ஆட்டோக்காரரிடம் சாமராஜபுரம் என்று சொன்னதும் தமிழிலேயே பதில் வந்தது.

"அரண்மனை பாக்கலையாம்மா? வர்றவங்க எல்லாம் மொதல்ல அங்கதான் போவாங்க."

"அரண்மனை அங்கயேதான் இருக்கும். நான் ஒரு ஜன்னலைப் பாக்க வந்தேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வேதவல்லிக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்கோ, மொதல்ல காபி," என்று உட்காரவைத்தார். பிறகு ஓர் இருட்டறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலை மறைத்த பலகையில் மிளகளவு துளை. வேறு ஒன்றுமில்லை. கண் பழகப் பழக, எதிர்ச் சுவரில் தெரு வந்து இறங்கியது. வேப்பமரம் தலைகீழாகத் தொங்க, அதற்கும் கீழே வானம் கிடந்தது. ஒரு சைக்கிள், சக்கரம் மேலாக உருண்டுபோய் மறைந்தது. மின்சாரமும் இல்லை, மந்திரமும் இல்லை. நான் என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன்.

"இதுதான் கேமராவோட ஆரம்பம்," என்றார் வேதவல்லி. "பாக்க முடிஞ்சுது. பிடிச்சு வைக்கத்தான் தெரியலை."

பிடித்து வைத்த கதை அடுத்த அறையில் இருந்தது. முதலில் வெள்ளி பூசிய தகடு. அதில் படம் விழ நேரமாகும் என்பதால், ஆள் அசையாமலிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை கொடுப்பார்களாம். அப்புறம் கண்ணாடித் தகடு. அப்புறம் சுருள் பிலிம். கேமரா தோளில் தொங்க ஆரம்பித்தது. அப்புறம் பிலிமே வேண்டாத டிஜிட்டல். கடைசியில் என் மகன் கையில் இருக்கிற போன். அறையாக இருந்தது நகத்தளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உள்ளே அதே இருட்டு, அதே துளை. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

"படம் எடுக்க மூணு விஷயம்தான்மா," என்றார். "துளையை எவ்வளவு அகலம் திறக்கறோம், எத்தனை நேரம் திறக்கறோம், உள்ளே இருக்கறது எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்தை வாங்கிக்கறது."

"வயலுக்குத் தண்ணி கட்டற மாதிரி," என்றேன். "மடை வாய், மடை தொறந்த நேரம், மண்ணு."

"அதேதான். ஆனா மூணையும் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. வாய் ரொம்ப அகலமானா ஒருத்தர் முகம் தெளியும், முன்னால பின்னால இருக்கறவா மங்கிடுவா. நேரம் நீண்டா, அசைஞ்சவா கலைஞ்சுபோவா. மூணாவதை ஏத்தினா படத்துல மணல் தூவின மாதிரி ஆயிடும்."

நடு அறையில், படத்துக்குப் பின்னணியான வர்ணத்திரை நகர்த்த முடியாதபடி சுவரோடு பதித்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஆளுயர ஜன்னல். வழக்கப்படி என் வீட்டுக்காரருக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். ஜன்னல் அவருக்கு வலப்பக்கம். வேதவல்லி டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் காட்டினார். பழையபடி புடவைதான் உட்கார்ந்திருந்தது.

கேமரா எதிரே உள்ளதையெல்லாம் கலந்து நடுத்தரமாக்கப் பார்க்குமாம். வெள்ளைச் சட்டை நிறைந்திருந்தால், வெளிச்சம் கூடிப்போயிற்றென்று மடையை அடைக்கும். அடைத்தால் காய்வது என் பக்கம். இத்தனை வருடம் என்னை மறைத்தது என் நிறமல்ல, அவர் சட்டை.

"சட்டை மேல பழி போடறா பாருங்க," என்றார் அவர். வேறு நிறத்தில் அவருக்குச் சட்டையே கிடையாது.

அடுத்து வேதவல்லி என் முகத்துக்கென்று வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தார். நான் தெரிந்தேன். அவர் தெரியவில்லை.

"என்னமோ சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் இருக்கறேன்," என்றார் அவர்.

"மாறி உக்காருங்கோ," என்றார் வேதவல்லி. "அம்மா ஜன்னல் பக்கம் வரட்டும், நீங்க ஸ்வல்ப உள்ளே தள்ளிக்கோங்கோ. அம்மாவுக்கு வெளிச்சம் கூடும், சட்டைக்குக் குறையும். ரெண்டு முகமும் விழும்."

அவர் அசையவில்லை. "தாலி கட்டற வரைக்குந்தான் வலப்பக்கம். கட்டுனதுக்கப்புறம் பொண்டாட்டி எடப்பக்கந்தானுங்க. ஊர்ல பாத்தாச் சிரிப்பாங்க."

"இத்தனை நாளும் சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கறாங்க," என்றேன். "பொடவை நிக்குதுன்னு உங்க அக்கா சொன்னப்ப, கூடச் சேந்து சிரிச்சீங்களே."

அவர் எழுந்து நின்றார். நான் எழுந்து ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே இருந்தார். இங்கேயும் நடக்காவிட்டால் இனி எங்கே போவது?

மூங்கில் கூடை அளவு ஒரு பழைய மரக் கேமரா அங்கே காலூன்றி நின்றது. வேதவல்லி அதன் கறுப்புத் துணியைத் தூக்கி, "உள்ளே பாருங்கோ," என்றார். என் வீட்டுக்காரர் தலையை நுழைத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வேர்த்திருந்தது.

"உள்ள அவ எடம் வலம் மாறி இருக்கறாளேம்மா. தலைகீழா."

"உள்ளே இருக்கற கண்ணாடித் தகட்டுல எல்லாமே மாறித்தான் விழும். கேமராவுக்கு மேல் கீழ், எடம் வலம் ஒண்ணும் கிடையாது. வெளிச்சம் ஒண்ணுதான் தெரியும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே தள்ளியிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "எடுங்க," என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் கேமராவில் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காகிதத்தில் அச்சாகி வந்ததைக் கையில் வாங்கினேன். புருவத்தில் சின்ன வயதில் பட்ட வெட்டு, கன்னத்து மஞ்சள், கண்ணுக்குள் ஜன்னல்கூட ஒரு புள்ளியாக இருந்தது. பக்கத்தில் அவரும் முழுசாக இருந்தார். எங்கிருந்தோ வந்த வெளிச்சம், ஒரு துளை வழியாகப் போய், என்னை இப்படி வைத்துவிட்டது.

மூன்று மணிக்குத் திரும்புகிற பஸ். மைசூருவில் வேறெதையும் பார்க்கவில்லை, குறையும் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு நாற்காலி, அவருடையது. வந்ததும் படத்தை அதற்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன்.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தார். படத்தின் முன்னால் நின்று, "ஏன் அம்மிணி, நீ போயி வலப்பக்கம் உக்காந்திருக்கறே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து சொன்னார்: "வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்துச்சுக்கா."